மாத்திரை அட்டைச் சரம்

எங்க குடோனில் ஒரு பிஸ்கட் டப்பா தொங்கியது. சதுரமான தகர டப்பா. மூடியில் ஒரு குழந்தை சிரிக்கும். எலி ஏறக்கூடாது என்று கம்பி கட்டி விட்டத்தில் மாட்டியிருந்தோம். உள்ளே மாத்திரை இருக்கும். ஏழு பொம்பளைங்களுக்கும் பொது.

அந்த டப்பாவுக்கு நான்தான் பொறுப்பு. அஞ்சாவது வரைக்கும் படிச்சவள் என்று என்னிடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதுவும் இல்லை. அஞ்சாவது படிப்புக்கு மாத்திரைப் பேர் படிக்க வராது. அது இங்கிலீஷ். நிறம் தெரியும். அளவு தெரியும். யாருக்கு எது கேட்டது என்று ஞாபகம் இருக்கும். அது போதும் என்று இருந்தேன்.

குடோன் காரிமங்கலத்துக்கு வெளியே ரோட்டோரம். தை மாசம் முடிகிற சமயத்தில் புளி வர ஆரம்பிக்கும். ரோட்டு மரத்துப் புளி, காட்டு மரத்துப் புளி, எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓடு உடைக்கணும், நார் உருவணும், கொட்டை எடுக்கணும். கீழே ஒரு கல். கையில் ஒரு சின்ன சுத்தி. தட்டினால் கொட்டை தெறிக்கும். சுளையை ஒரு பக்கம் போட்டு அடுத்ததை எடுக்கணும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் அதுதான்.

ஓடு நொறுங்கி தூசி பறக்கும். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டுவோம். கட்டினாலும் உள்ளே போகும். மாசியில் ஒருத்தி இருமுவாள். ஒரு வாரத்தில் ஏழு பேரும் இருமுவோம்.

என் பக்கத்தில் எதிர்வூட்டுக்காரி உட்காருவாள். என் வூட்டு வாசலும் அவள் வூட்டு வாசலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு வண்டி போகிற பாதை. நானும் அவளும் ஒரே வருசம் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். அவள் வேதக்காரர் வூட்டுப் பொண்ணு. மாத்திரை போட்டாலும் சிலுவை போட்டுவிட்டுத்தான் போடுவாள். நான் பேச மாட்டேன். அவள் நிறுத்த மாட்டாள்.

"இவ பங்கு வாயையும் சாமி எனக்கே குடுத்துட்டாரு. நான் என்னா பண்றது?" என்பாள்.

டப்பா வந்தது அவளால்தான்.

ஒரு மாசியில் அவளுக்கு இருமல். காரிமங்கலத்தில் டாக்டரிடம் போனாள். அஞ்சு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ரெண்டாம் நாளே இருமல் இறங்கிவிட்டது. மூணாம் நாள் நான் இருமினேன். அவள் இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இந்தாடி. எனக்கு நல்லாயிடுச்சு. மிச்சத்த நீ போடு."

"உனக்கு வேணாமா?"

"நல்லானவளுக்கு எதுக்கு மாத்திரை? தூக்கியா போடறது?"

போட்டேன். எனக்கும் ரெண்டு நாளில் இறங்கியது. அதிலும் ரெண்டு மிச்சம். அந்த வாரம் யாரோ பிள்ளைக்கு வாங்கின பிஸ்கட் டப்பா காலியாகக் கிடந்தது. அதில் போட்டு வைத்தேன். அப்படி ஆரம்பித்தது.

அப்புறம் அது ஒரு முறை ஆகிவிட்டது. யார் மாத்திரை வாங்கினாலும் டப்பாவுக்கு ரெண்டு வைக்கணும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் கேட்பார்கள்.

"டப்பாவுக்கு ரெண்டு வச்சியா?"

வைக்காதவளை விட மாட்டார்கள். ஒருத்தி ஒரு தடவை டாக்டர் சொன்னபடி முழுக்கத் தின்றுவிட்டாள். வருசம் முழுக்க அவளுக்கு, 'முழு அட்டையும் முழுங்கினவ' என்றே பேர். சோத்துச் சட்டியைத் திறந்தால்கூட, "பாத்து, முழு சட்டியும் முழுங்கிடப் போறா" என்பார்கள். அடுத்த தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ரெண்டுக்கு நாலாக வைத்தாள்.

காலியான அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. மூட்டை தைக்கிற கோணி ஊசியால் ஓட்டை போட்டு சணலில் கோத்தேன். எது கேட்டதோ அந்த அட்டைதான் சரத்தில் ஏறும். மாத்திரை தீர்ந்தால் சரத்தோடு மருந்துக் கடைக்குப் போவேன். "இது ஒரு அட்ட குடுண்ணா" என்று விரலால் காட்டுவேன். பேர் சொல்லத் தேவையில்லை. கடைக்காரரும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை. சரம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே தொங்கும். காத்தடித்தால் சலசல என்று சத்தம் வரும்.

மேலே இருக்கிற அட்டை பழசு. கீழே வர வரப் புதுசு.

எனக்கு அந்த டப்பா பிடிக்கும். அதை எடுக்க எழுந்தால் மற்ற ஆறு பேரும் சுத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வேறு எதற்கும் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

எங்களில் மூத்தவளை எல்லோரும் பெரியம்மா என்போம். அவள் கேட்பாள்.

"ஏ டாக்டரம்மா, எனக்கு ஒண்ணு எடு."

"சளி இருமலா, வறட்டு இருமலா?"

"ரெண்டுமில்ல. எம் மருமவ மூஞ்சியப் பாத்தா வருது."

"அதுக்கு டப்பாவுல இல்ல பெரியம்மா."

எதிர்வூட்டுக்காரி விட மாட்டாள். "இருந்தாலும் மருமவளுக்குத்தான் குடுக்கணும். அவதான் தெனமும் இந்த மூஞ்சியப் பாக்கறா."

பெரியம்மா புளியங்கொட்டையை எடுத்து அடிப்பாள். அவள் குனிந்துகொள்வாள். கொட்டை என் மேல் விழும். எப்பவும் என் மேல்தான் விழும்.

தவக்காலம் புளிக்காலத்தில்தான் வரும். எதிர்வூட்டுக்காரி நாற்பது நாளும் கறி தொட மாட்டாள். ஒருநாள் சிவப்பும் கறுப்பும் கலந்த ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இது தோலாட்டம் இருக்குதே. இதுல கறி எதுனா சேத்திருப்பாங்களா?"

"போட்டுட்டு பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடு" என்றாள் பெரியம்மா.

"என்னான்னு சொல்றது? சாமி, நான் ஒரு மாத்திரையைத் தின்னுட்டேன்னா?"

"டப்பாவுக்கு ரெண்டு வச்சிட்டேன்னும் சொல்லு. மன்னிச்சிருவாரு."

அன்று சிரித்த சிரிப்பில் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது. குடோன் முதலாளி மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். இருமலைப் பார்த்துவிட்டு ஒண்ணும் சொல்லாமல் போனார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்பவும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தப்பு நடந்த நாட்கள் என்று தெரிகிறது. ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வருசங்களில் ரெண்டு மாத்திரையில் இருமல் நின்றது. அப்புறம் மூணு ஆனது. அப்புறம் ஒரு வருசம் அந்த மாத்திரை யாருக்குமே கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரர் வேறு கொடுத்தார்.

"அது இப்ப யாருக்கும் கேக்கறதில்லக்கா. இது பவரு கூட."

பவர் கூட என்றால் நல்லது என்றுதான் நினைத்தேன். புது அட்டை சரத்தில் ஏறியது. ரெண்டு வருசம் கழித்து அதற்கும் மேல் ஒன்று வந்தது. மாத்திரை பெரிசாகிக்கொண்டே போனது. கடைசியில் வந்ததை உடைத்துத்தான் முழுங்க முடிந்தது. ஏன் இப்படி ஆகிறது என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

போன வருசத்துக்கு முந்தின வருசம். மாசி கடைசி. எதிர்வூட்டுக்காரிக்கு இருமல்.

டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரை மூணு கொடுத்தேன். நிற்கவில்லை. மஞ்சள் மாத்திரை ரெண்டு கொடுத்தேன். ஒரு நாள் குறைந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் குளிர்க்காய்ச்சல். வலது விலாவில் குத்துகிறது என்று கையை வைத்து அழுத்திக்கொண்டே புளி தட்டினாள். சளி துருப்பிடித்த தண்ணி நிறத்தில் வந்தது. அதை ஓட்டுக் குப்பையில் துப்பி மூடினாள். நான் பார்த்துவிட்டேன்.

எனக்குப் பயம் வந்தது அதனால் இல்லை. அவள் பேசவில்லை. மூணு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கினாள். அப்புறம் பேசுவதையே விட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அவள் வூட்டுக்காரர் கொத்து வேலைக்குப் போகிறவர். போன் போட்டு வரச் சொன்னேன். ஆம்புலன்சில் ஏத்தி தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியில் அவள் உதடு நீலமாக இருந்தது.

வார்டில் ஆக்சிஜன் வைத்தார்கள். படம் எடுத்தார்கள். வலது பக்க நுரையீரல் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா என்றார்கள். ஊசி ஆரம்பித்தார்கள். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு இன்னும் வேகமானது.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. எதிர்வூட்டுக்காரியின் வூட்டுக்காரரைக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

"வெள்ள மாத்திரைங்க."

"எல்லா மாத்திரையும் வெள்ளைதாங்க. பேர் என்ன?"

"தெரியலீங்களே."

"யாருங்க குடுத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்தாள்.

"இங்க பாருங்க. இன்னிக்கி மருந்த மாத்தணும். இவங்க உடம்புல இருக்கற கிருமி எதுக்கு சாகும், எதுக்கு சாகாதுன்னு பாக்க சளி எடுத்து அனுப்பியிருக்கோம். அது வர மூணு நாள் ஆகும். மூணு நாள் சும்மா காத்திருக்க முடியாது. முன்னாடி என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா, எது வேலை செய்யாதுன்னு கொஞ்சம் கணக்குப் போடலாம். தெரியலைன்னா கண்ணக் கட்டிக்கிட்டு கல்லு எறியற மாதிரி. நாள் போனா மூச்சுக்கு மிசின் வைக்கணும்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவர் என் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, டப்பாவைப் பத்தி சொல்லிடாதீங்க. டாக்டரு இல்லாதவங்க மாத்திரை குடுத்தா கேசு போடறாங்களாம்."

எனக்காகத்தான் சொன்னார். பொண்டாட்டி அந்த நிலையில் கிடக்கும்போதும் எனக்காகச் சொன்னார்.

நான் பஸ் ஏறினேன்.

காரிமங்கலத்தில் இறங்கி குடோனுக்கு நடந்தேன். மத்தியானம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் நேராகப் போய் சரத்தை அவிழ்த்தேன். டப்பாவையும் எடுத்தேன்.

"எங்கடி எடுத்துக்கினு போற?" என்றாள் பெரியம்மா.

"ஆஸ்பத்திரிக்கு."

"என்னாத்துக்கு?"

"டாக்டருக்குக் காட்ட."

பெரியம்மா கையைச் சட்டியிலிருந்து எடுத்தாள். "பைத்தியமா உனக்கு? போலீசு வந்தா எங்களையும் சேத்து இழுப்பான். வூட்டுக்குப் போயி அடுப்புல போடு."

"அவ மூச்சு வுட முடியல பெரியம்மா."

'முழு அட்டையும் முழுங்கினவ' எழுந்து வந்து ஒரு மஞ்சள் பையை விரித்துப் பிடித்தாள். சரத்தைச் சுருட்டி உள்ளே வைத்தேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ரோட்டுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து கத்தினாள்.

"நாங்க எல்லாரும்தான் தின்னோம்னு சொல்லு. நீ மட்டும்னு சொல்லாத."

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். குலுங்கும்போதெல்லாம் சலசல என்றது. பக்கத்து சீட்டுப் பொம்பளை பையையே பார்த்தாள்.

டாக்டர் மேசையில் சரத்தை வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"மாத்திரை அட்டைங்க. அவ தின்னது."

அவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மேசை நீளத்துக்கு வந்தது. மீதி கீழே தொங்கியது. நர்சம்மா சிரிக்கப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"யாரு கோத்தது?"

"நானுங்க."

"மாத்திரை குடுத்தது?"

"நானுங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்து ஒரு தாளில் எழுதினாள். பாதி அட்டையில் எழுத்து அழிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல எது அவங்க சாப்பிட்டது?"

"எல்லாமுங்க."

"ஒவ்வொண்ணும் எத்தனை நாள்?"

"ரெண்டு நாள். மூணு நாள். இருமல் நின்னா நிறுத்திடுவோமுங்க."

"மிச்சம்?"

"டப்பாவுக்குங்க. மத்தவங்களுக்கு ஆவும்னு."

அவள் பேனாவை வைத்தாள். அப்புறம் விரலை மேல் அட்டையில் வைத்தாள்.

"இது சாதாரண மருந்து. நல்ல மருந்துதான். இது அதுக்கு மேல. இது அதுக்கும் மேல. நீங்க படி படியா ஏறி வந்திருக்கீங்க. பாத்தீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருசம் என் தலைக்கு மேலேயே தொங்கியது. கோத்தவள் நான். அதைப் படுக்கப் போட்டுப் பார்த்ததில்லை.

"உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"உடம்பு இல்லம்மா. கிருமி. ரெண்டு நாள் மருந்துல நோஞ்சான் கிருமிதான் சாகும். தாட்டியானது நிக்கும். நீங்க நிறுத்திட்டா நின்னது பெருகும். அடுத்த தடவை அதே மருந்துக்கு அது சாகாது. இருமுனா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் அதுதான் போகும்."

எனக்கு அது புரிந்தது. கொட்டை எடுத்த புளியில் ஒரு கொட்டை நின்றுபோனால் உள்ளே வண்டு இருக்கும். மூட்டை கட்டும்போது தெரியாது. ஆடி மாசம் மூட்டையைப் பிரித்தால் எல்லாம் பொடியாகக் கொட்டும். அதனால்தான் கொட்டையில் நாங்கள் அவ்வளவு கண்ணாக இருப்போம். ஒன்றுகூட விட மாட்டோம். மாத்திரையில் மட்டும் ரெண்டு ரெண்டாக விட்டிருக்கிறோம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னாள். "முக்கால்வாசி இருமலுக்கு இந்த மாத்திரையே தேவையில்ல. அது தானா வந்து தானா போறது. நீங்க மாத்திரையால போச்சுன்னு நெனச்சிருப்பீங்க."

எழுதின தாளை நர்சம்மாவிடம் கொடுத்தாள். அன்று சாயங்காலமே வேறு மருந்து ஏற்றினார்கள்.

நான் கட்டில் பக்கத்துக்குப் போனேன். எதிர்வூட்டுக்காரி மூக்கு வாயெல்லாம் மூடி ஆக்சிஜன் வைத்துக் கிடந்தாள். டாக்டர் மேசையில் சரம் கிடந்ததை அவள் படுத்தபடியே பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்து ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

டப்பாவுக்கு ரெண்டு.

அந்த நிலையிலும் கிண்டல். நான் சிரிக்கவில்லை. விரலைப் பிடித்து மடக்கிக் கீழே வைத்தேன். சூடாக இருந்தது.

அடுத்த நாள் காய்ச்சல் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் கொஞ்சம் வேர்த்தது. நான் முந்தானையால் துடைத்தேன். மறுபடி சூடு ஏறியது. அவள் வூட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். எனக்கு ஜெபம் தெரியாது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணுவேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

மூணாம் நாள் மத்தியானம் சளி ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைச் சரத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தாளில் மருந்துப் பேர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு எழுத்து. அவள் ஒவ்வொன்றாக அட்டையைத் தொட்டாள்.

"இது கேக்காது. இது கேக்காது. இதுவும் கேக்காது."

"இப்ப ஏத்தறது?"

"கேக்கும்."

அது ஒரு வார்த்தைதான். நான் எழுந்து வெளியே போய் குழாயில் முகம் கழுவினேன்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அஞ்சாம் நாள் ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் எடுத்தார்கள். அவள் முதலில் பேசியது நர்சம்மாவிடம்தான்.

"இந்த ஆஸ்பத்திரி ரசத்துக்கு எங்க குடோன் புளி போட்டா நல்லாருக்கும்."

நாலு தடவை மூச்சு வாங்கித்தான் அதை முடித்தாள். ஆனால் முடித்தாள்.

வூட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கொடுத்தார்கள். ஏழு நாளைக்கு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டாக்டர் அவளிடமும் சொன்னாள், அவள் வூட்டுக்காரரிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். மிச்சம் வைக்கக்கூடாது. நல்லாயிட்டாலும் நிறுத்தக்கூடாது. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்தச் சரத்த நான் வச்சிக்கட்டுமா? எங்க கிட்ட படிக்கற பசங்களுக்குக் காட்டணும்."

"வச்சிக்கங்க."

"யார் கோத்ததுன்னு சொல்ல மாட்டேன்."

"சொன்னாலும் பரவாயில்லீங்க."

டப்பாவில் இருந்த மாத்திரையையும் அங்கேயே கொடுத்தேன். காலி டப்பாவோடு வந்தேன்.

வூட்டுக்கு வந்த ஆறாம் நாள் காலை. நான் குடோனுக்குக் கிளம்பி வாசலைச் சாத்தினேன். எதிர் வாசலில் எதிர்வூட்டுக்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காகிதத்தில் மடித்து மூணு மாத்திரை.

"புடி" என்றாள்.

"என்னாது?"

"ரெண்டு நாளா இருமற. இங்க வரைக்கும் கேக்குது. உனக்குன்னு எடுத்து வச்சேன். இது நல்ல மாத்திரைடி. எனக்கே கேட்டுச்சே."

நான் எண்ணிப் பார்த்தேன். மூணு மாத்திரை என்றால் மூணு வேளை.

"கடைசியா எப்ப போட்ட?"

"முந்தாநாள் சாயங்காலம். எனக்குத்தான் நல்லாயிடுச்சே. இன்னாத்துக்கு மொறைக்கற?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வூட்டுக்காரர் உள்ளே சாந்துக் கரண்டி கழுவிக்கொண்டு இருந்தார். கூப்பிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னேன். நர்சம்மா டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். உடனே ஒன்று போடச் சொல்லுங்க, சேத்து ரெண்டா போட வேணாம், ஒண்ணு விடாம முடிங்க, நாளைக்கே கூட்டிட்டு வாங்க, காய்ச்சல் வந்தா இன்னிக்கே வாங்க.

நான் செம்பில் தண்ணி கொண்டுவந்தேன்.

"போடு."

"உனக்குடி இது."

"போடு."

"அப்ப உன் இருமலுக்கு?"

"அது தானா போவும்."

அவள் மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்தாள். "என்னையும் முழு அட்டை முழுங்கறவளா ஆக்கிட்டியேடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் தண்ணி இருந்தது. பன்னிரண்டு வருசப் பழக்கம். எனக்கு என்று எடுத்து வைத்ததை நான் வாங்க மாட்டேன் என்கிறேன். அவளுக்கு அது வலித்திருக்கும்.

சிலுவை போட்டாள். முழுங்கினாள். நாக்கை நீட்டிக் காட்டினாள். நான் நன்றாகப் பார்த்தேன். அன்று நான் குடோனுக்குப் போகவில்லை. அவள் நெற்றியை மணிக்கொரு தடவை தொட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

காய்ச்சல் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் சில நாளைக்கு மாத்திரை எழுதினாள். காலையிலும் சாயங்காலமும் நான் பாதையைத் தாண்டிப் போவேன். அவள் முழுங்குவாள். நாக்கை நீட்டுவாள். கடைசி மாத்திரை அன்று காலி அட்டையை என் கையில் கொடுத்தாள். பழக்கத்தில் கோணி ஊசியைத் தேடினேன். அப்புறம் அட்டையை அடுப்பில் போட்டேன்.

என் இருமல் ஒரு வாரத்தில் போனது. வெந்நீர் குடித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. எல்லா மாசியிலும் அப்படித்தான் போயிருக்கும் போல.

எதிர்வூட்டுக்காரி அதற்கப்புறம் குடோனுக்கு வரவில்லை. தூசி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மேட்டில் ஏறினால் இப்பவும் நின்று மூச்சு வாங்குவாள். வலது பக்கம் கொஞ்சம் போய்விட்டது, திரும்ப வராது என்றார்கள். அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்காருகிறாள். நல்லவள்தான். பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். சுத்திச் சத்தம் மட்டும் கேட்கும். பெரியம்மா புளியங்கொட்டை எறிவதில்லை. குனிய ஆள் இல்லை.

டப்பா அதே இடத்தில் தொங்குகிறது. கோணி ஊசியும் சணலும் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது இருமினால் மூணு நாள் பார்க்கச் சொல்கிறேன். காய்ச்சலோ மூச்சு வாங்கலோ இருந்தால் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். கொடுத்ததை முழுக்கத் தின்னச் சொல்கிறேன். 'முழு அட்டையும் முழுங்கினவ' அதைக் கேட்டு ஒரு தடவை தலையை ஆட்டினாள். "இத்தினி வருசம் கழிச்சு" என்றாள்.

இந்த மாசியிலும் எல்லோரும் இருமினோம். சாயங்காலம் நான் வரும்போது எதிர்வூட்டுக்காரி வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொருத்தியாகக் கேட்பாள்.

"பெரியம்மாளுக்கு?"

"வறட்டு இருமல்."

"மருமவ வூட்டுல இருக்காளா?"

"இருக்கா."

"அப்ப போவாது." கொஞ்சம் சிரித்தாள். மூச்சு வாங்கினாள். "எதுனா குடுத்தியா?"

"டப்பாவுல ஒண்ணும் இல்ல."

"அதான் சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் ரெண்டு இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுது இல்ல?" என்றாள்.

"தோணுது."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். என் புடவையில் ஓட்டுத் தூசி இருந்தது. பாதையிலேயே நின்று உதறிவிட்டு, குழாயில் கை கால் கழுவிவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.